முன்னும் பின்னும்: முகக்கவசம் அணிந்த தாதியரின் பேச்சு



லெம்பா பெர்த்தாமில் நின்று பேசுவது எனக்குப் பிறந்த வீட்டு வாசலில் அமர்ந்து பேசுவது போன்றது. மலாய் மொழியில் 'லெம்பா' என்றாலே பள்ளத்தாக்கு. 'பெர்த்தாம்' என்பது புதராக வளரும் ஒருவகைப் பனை. ஆகவே, 'லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு' என்று எழுதுவோர் ஒரே பள்ளத்தாக்கில் இருமுறை இறங்குகிறார்கள். மொழியியல் படித்தவரை உரையாற்ற அழைத்தால் இத்தகைய தொல்லைகள் உண்டு. பொறுத்தருள்க.

மருத்துவமனைத் தாதியர் அணியும் முகக்கவசம் பற்றி இன்று பேசவிருக்கிறேன். இது மருத்துவர் பேச வேண்டிய பொருளாயிற்றே என்று நீங்கள் எண்ணக்கூடும். முகக்கவசம் கிருமியைத் தடுக்கும்போது சொல்லையும் ஓரளவு தடுத்துவிடுகிறது. அந்த இரண்டாவது தடுப்பு என் துறையைச் சார்ந்தது. அதை நான் நூலிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. என் பெரியம்மாவின் கட்டிலருகே கற்றுக்கொண்டேன்.

2021ஆம் ஆண்டு. பெருந்தொற்று நம் நாட்டை மிக வருத்திய ஆண்டு அது. பெரியம்மாவுக்கு அப்போது வயது 76. இம்மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நீரிழிவு முற்றியதால் ஒரு மருத்துவமனையில் சில நாள்கள் தங்கினார். வீடு திரும்பும் நாளில் அவருக்குப் புதிய மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். நாளுக்கு ஒருமுறை, காலையில், உண்ணப்போகும் வேளையில் விழுங்க வேண்டிய மாத்திரை. அதனை விளக்கியவர் இளம் தாதி, தமிழ்ப்பெண். முகத்தில் என்-95 கவசம், அதற்கு மேல் நெகிழி முகத்தடுப்பு, இடையில் ஒரு கட்டில் நீளத் தொலைவு. "காலை உணவுக்கு முன், பாட்டி" என்று அவர் இருமுறை சொன்னார். பெரியம்மாவும் தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்த பெரியம்மா அந்த மாத்திரையை மாலை உணவுக்குப் பின் விழுங்கிவிட்டுப் படுத்துவிட்டார். விடியுமுன் உடலெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் கிடந்தார். அவருடைய மகள், எனக்கு அக்காள், விளக்கைப் போட்டுப் பார்த்ததால் தெரிந்தது. விழுங்கும் அளவுக்கு நினைவிருந்தது. சர்க்கரை நீரைக் குடிக்கச் செய்து வண்டியில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். பின்னர் நான் விசாரித்தபோது பெரியம்மா சற்றும் தயங்கவில்லை: "மிஸ்ஸி மாலைக்குன்னுதானே சொன்னிச்சு!"

மருந்து உறையில் மலாயில் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. பெரியம்மா மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. தாதி சொன்னதிலும் பிழையில்லை. இலக்கணம் வழுவாத நல்ல தமிழைத்தான் அவர் பேசினார். பிழையில்லாத சொற்றொடர் ஒன்று பிழையில்லாத ஒருவரிடமிருந்து புறப்பட்டு, இரண்டு மீட்டர் தொலைவுக்குள் தலைகீழாகிவிட்டது. எவ்வாறு?

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளின் பிறப்பிடங்களை எட்டாக வகுக்கிறார்: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். இவற்றுள் கேட்பவர் கண்ணுக்கு நன்கு புலப்படுவது இதழ், ஓரளவு பல், சிலபோது நாவின் நுனி. பகரமும் மகரமும் இதழ்கள் பொருந்தப் பிறக்கும் என்கிறார். வகரம் மேற்பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்கிறார். உகரம், ஒகரம் முதலிய உயிர்களுக்கு இதழ் குவிய வேண்டும் என்கிறார். மாணவர்கள் இதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மறந்துவிடுகிறார்கள். தாதியர் அணியும் கவசம் மறைப்பது இந்த உறுப்புகளைத்தான்.

பேச்சைச் செவியால் மட்டும் கேட்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1976ஆம் ஆண்டு ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒலிப்புடைய 'பா' என்னும் அசையை ஒலிக்கவிட்டு, திரையில் 'கா' என்று சொல்லும் வாயைக் காட்டினார்கள். பார்த்த பெரியவர்களுள் மிகப் பலர் கேட்டதாகச் சொன்னது 'டா'. காதுக்குள் விழாத ஓர் எழுத்தைக் கண்ணும் காதும் சேர்ந்து உண்டாக்கிவிட்டன. அது செயற்கையாக அமைத்த சோதனை என்றாலும், அன்றாடப் பேச்சிலும் நாம் கண்ணால் பாதி கேட்கிறோம் என்பதற்குச் சான்று. செவி மங்கிய முதியவர்கள் பாதிக்கும் மேலாகக் கண்ணால் கேட்கிறார்கள் என்பேன். இது என் மதிப்பீடு, அளந்த கணக்கு அன்று.

இப்போது 'காலை', 'மாலை' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மெய்யைத் தவிர இரண்டும் ஒன்றே. ககரத்துக்கு வாய் திறந்திருக்கும். மகரத்துக்கு மூடித் திறக்கும். நேரில் பார்ப்பவர் அந்தக் கணநேர மூடலைத் தம்மை அறியாமலே கண்டுகொள்வார். கவசம் வந்ததும் அந்த அடையாளம் போயிற்று. செவிக்கு எட்டும் அந்த முதல் மெய்யின் சிறு ஒலியே எஞ்சிய துணை.

'முன்', 'பின்' இதனினும் பொல்லாதது. இரண்டும் ஓரசைச் சொற்கள். இரண்டும் இதழ் பொருந்தும் மெய்யில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன. நேரில் காணும்போது வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது நடுவிலுள்ள உயிர்: உகரத்துக்கு இதழ் குவியும், இகரத்துக்கு விரியும். அதுவும் மறைந்துவிடுகிறது. செவியாவது உதவுமா என்று பார்த்தால், அங்கும் ஓர் இடர். உகரம், இகரம் இரண்டின் முதல் ஒத்ததிர்வும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 300 ஹெர்ட்ஸ் அளவில் விழுகிறது. இரண்டாவது ஒத்ததிர்வில்தான் வேற்றுமை: உகரத்துக்கு அது 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிற்கும், இகரத்துக்கு 2000 ஹெர்ட்ஸையும் கடக்கும். இந்த 2000க்கு மேற்பட்ட பகுதியைத்தான் முகக்கவசம் அடக்குகிறது. 2020இல் வெளிவந்த அளவீடு ஒன்றின்படி, 2000 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் சாதாரண மருத்துவக் கவசம் 3 முதல் 4 டெசிபெல் குறைக்கிறது. என்-95 வகை ஏறத்தாழ 12 டெசிபெல் வரை குறைக்கிறது. முதுமையில் செவி முதலில் இழப்பதும் இந்த உயர்ந்த அதிர்வெண்களையே. கவசம் ஒருபுறம் தேய்க்கிறது, வயது மறுபுறம் தேய்க்கிறது. இகரத்தின் கூர்மை உதிர்ந்தால் எஞ்சுவது உகரத்தைப் போன்ற ஒன்று. அதன்பின் பெரியம்மா கேட்டது முன்னா பின்னா என்று சொல்ல எந்த இலக்கணமும் உதவாது.

மலாய் மொழியில் பேசியிருந்தால் பிழைத்திருப்போமா? உணவுக்கு முன் என்பதற்கு 'செபெலும் மாக்கான்', பின் என்பதற்கு 'செலெபாஸ் மாக்கான்'. தொடக்கமும் முடிவும் ஒன்றே. 'செலெபாஸ்' என்பதன் ஈற்றில் நிற்கும் ஸகர ஒலி பேச்சொலிகளிலேயே மிக உயர்ந்த அதிர்வெண் கொண்டவற்றுள் ஒன்று. கவசத்துக்குள் முதலில் மடிவது அதுதான். ஆக, எம்மொழிக்காரரும் இதில் பெருமை கொள்வதற்கில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, தாதியர் கவசத்தைக் கழற்ற வேண்டும் என்கிறேன் என எவரும் எண்ணிவிடக் கூடாது. முகக்கவசத்தின் வரலாற்றில் மலேசியர்களாகிய நமக்கு ஒரு பங்கு உண்டு. பினாங்கில் 1879இல் பிறந்த மருத்துவர் வூ லியென்-தே 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பரவிய கொள்ளைநோய் எலித்தெள்ளால் மட்டுமே வருவது என்று மற்றவர்கள் நம்பியிருந்த வேளையில், இது மூச்சின் வழியாக ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது என்று அவர் கண்டார். வலைத்துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்துத் தலைக்குப் பின்னே கட்டும் கவசத்தை எல்லாப் பணியாளரும் அணியச் செய்தார். அவரைவிட மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி அதனை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். 1911 சனவரியில், சில நாள்களிலேயே அந்நோயால் இறந்தார். வூ லியென்-தே பிற்காலத்தில் மலாயாவுக்குத் திரும்பி, நம் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் வரும் ஈப்போவில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார். இங்குள்ள பள்ளி மாணவர்கள் ஈப்போவுக்குத் துணி வாங்கப் போகும்போது அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

2020இல் நடந்தது நம் நினைவில் உள்ளது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு. ஆகஸ்டு 1 முதல் நெரிசலான பொது இடங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் கவசம் கட்டாயம். மீறினால் 1,000 ரிங்கிட் தண்டம். இப்போது பொதுமக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தாதியருக்கு அது பணியின் பகுதி. காசநோய் வார்டில் பணியாற்றுவோருக்கு என்றும் அப்படித்தான் இருந்தது. என்-95 கவசம் மூக்கின் மேலும் கன்னத்தின் மேலும் அழுந்திப் பொருந்தாவிட்டால் பயன்படாது. அழுந்தினால் தோல் புண்ணாகும். பணிநேரம் முழுதும் நீர் அருந்தாமல் அதற்குள் மூச்சுவிட்டவர்களின் மூக்குத்தண்டில் இருந்த வடுவை நான் பார்த்திருக்கிறேன். பெரியம்மாவிடம் பேசிய அந்தப் பெண்ணுக்கும் அந்த வடு இருந்திருக்கும், கவசம் மறைத்துவிட்டது.

சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லாமல் போனால் மன்றத்தார் என்னை விடமாட்டார்கள். 'முகமூடி' என்றால் கள்வனும் கூத்தாடியும் நினைவுக்கு வருகிறார்கள். மலாய்க்காரர்களுக்கும் இதே இக்கட்டு: 'தோப்பெங்' என்பது வேடமூடியைக் குறிப்பதால், இறுக மூடுதல் என்னும் பொருளுடைய 'பெலித்துப்' என்னும் சொல் வழக்குக்கு வந்தது. நம் நாட்டு ஊடகங்கள் சில 'முகக்கவரி' என்று எழுதின. கவரி என்றால் வீசும் சாமரமும் குறளில் வரும் கவரிமாவும் நினைவுக்கு வரும் எனக்கு அது உவப்பாக இல்லை; ஆனால் மக்கள் ஏற்றுக்கொண்டால் நான் யார் தடுப்பதற்கு? 'முகக்கவசம்' என்பதை நான் ஆள்கிறேன். அதிலும் ஒரு குறை உண்டு. கவசம் அணிந்தவனைக் காப்பது. மருத்துவக் கவசமோ, 1897இல் பிரெஸ்லாவில் அறுவை மருத்துவர் மிக்குலிட்ஸ் அணிந்தபோது, மருத்துவரின் வாய்த்துளி நோயாளியின் புண்ணில் விழாமல் காக்கவே வந்தது. தோட்டத்துப் பெண்கள் இந்த ஆராய்ச்சியெல்லாம் செய்யாமல் 'மாஸ்க்கு' என்றார்கள். அவர்களுக்கு முகம் மூடுவதும் புதிதன்று: காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது பழந்துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

அணிபவரின் பெயரிலும் வேற்றுமை உண்டு. தமிழ்நாட்டில் செவிலியர்; இங்கும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தாதியர்; லயத்தில் மிஸ்ஸி. செவிலி சங்க இலக்கியத்தின் வளர்ப்புத்தாய். தாதி வடமொழி வழி வந்த பாலூட்டும் தாய். இரண்டும் தாய்மையைக் குறிக்கும் சொற்கள். அந்தத் தாய்மை கவசத்துக்குள் எப்படிக் கேட்கிறது என்பதில் ஒரு சிறு நுட்பம் இருக்கிறது. பேச்சுத் தமிழில் மரியாதை சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கிறது: 'உக்காருங்க', 'சொல்லுங்க', 'கைய நீட்டுங்க'. ஈற்றசை எப்போதும் தாழ்ந்தே ஒலிக்கும். கவசத்துக்குள் அது மேலும் தேய்ந்து, கேட்பவர் காதில் 'உக்காரு', 'சொல்லு', 'நீட்டு' என்று விழுகிறது. கேட்கவில்லையே என்று தாதி குரலை உயர்த்தினால், சிரிப்பு தெரியாத முகத்திலிருந்து உரத்த ஏவல் வருகிறது. "மிஸ்ஸி ரொம்பக் கோவக்காரி" என்று வீட்டில் வந்து சொல்பவர்களுள் சிலர், தொலைந்துபோன ஒரு 'ங்க'வைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'அம்மா', 'பாட்டி', 'ஐயா' என்ற விளியைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் இந்த இழப்பு பெரிதும் ஈடாகும். முறைப்பெயர் முன்னே வந்தால் ஏவல் தானே தணிந்துவிடும்.

வாய் தெரியும்படி கண்ணாடி போன்ற நெகிழி பொருத்திய கவசங்கள் உண்டே என்று ஆசிரியர் ஒருவர் முன்பே கேட்டார். உண்டு. செவித்திறன் அற்றவர்களுக்கு அவை பெருந்துணை. ஆனால் மூச்சின் ஈரத்தால் மங்கிவிடுகின்றன. ஒலியை அளந்து பார்த்தால் சாதாரண மருத்துவக் கவசத்தைவிட அவை கூடுதலாகவே தடுக்கின்றன. கண்ணுக்குக் கொடுத்ததைச் செவியிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. இம்மலை மருத்துவமனைகளில் அவற்றை நான் கண்டதும் இல்லை.

கருவியை மாற்றுவது நம் கையில் இல்லை. சொல்லை மாற்றுவது நம் கையில் உண்டு. இங்கே நான் என் கல்விக்கு எதிராகவே சிறிது பேச வேண்டியிருக்கிறது. 'காலை', 'மாலை', 'முன்', 'பின்' ஆகியவை எழுத்துத் தமிழின் அழகிய, சுருங்கிய சொற்கள். அந்தச் சுருக்கமே இங்கு ஆபத்து. லயத்துத் தமிழில் எவரும் 'மாலை' என்பதில்லை, 'சாயங்காலம்' என்பார்கள். 'காலையில' என்பதற்கும் 'சாயங்காலம்' என்பதற்கும் நீளம் வேறு, தாளம் வேறு. பாதி மறைந்தாலும் மீதி காட்டிக்கொடுத்துவிடும். வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய மருந்துக்கு 'உணவுக்கு முன்' என்பதற்கு மாறாக 'வெறும் வயித்துல' எனலாம். 'உணவுக்குப் பின்' என்பதற்கு நம் நாட்டுத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: 'பசியாறிட்டு'. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் 'பசியாறியாச்சா' என்று நாம் கேட்பதைக் கேட்டு வியப்பார்கள். 'வெறும் வயித்துல', 'பசியாறிட்டு': இவ்விரண்டையும் எந்தக் கவசத்தாலும் ஒன்றாக்க முடியாது. 'பிறகு' என்பது வேண்டாம். இதழ்மெய்க்கு அடுத்த இகரம் பேச்சில் குவிந்து 'பொறகு' ஆகிவிடும் ஊர் நம்முடையது. எண்களை விரலாலும் காட்டலாம். விரலுக்குக் கவசம் இல்லை, கையுறை இருந்தாலும் எண்ணத் தடையில்லை.

ஒரு தாதியர் பயிற்சி மாணவி என்னிடம் கேட்டார்: "ஐயா, நான் வட்டார வழக்கில் பேசினால் படிக்காதவள் என்று நினைக்க மாட்டார்களா?" நல்ல கேள்வி. பள்ளியில் நாம்தான் அந்த அச்சத்தை ஊட்டினோம். மேடைத் தமிழைப் பரிசு கொடுத்து வளர்த்தோம். நோயாளியின் பக்கத்தில் பேசும் தமிழுக்கு ஒரு வகுப்பும் வைக்கவில்லை. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. கதை சொல்லும் போட்டி நடத்துகிறீர்கள். ஒருமுறை, பேசுபவர் முகக்கவசம் அணிந்து, அறையின் மறுகோடியில் நின்று, மருந்துச் சீட்டொன்றை விளக்கட்டும். கேட்பவர் காதில் சிறிது பஞ்சு வைத்துக்கொண்டு, தாம் விளங்கிக்கொண்டதைத் திரும்பச் சொல்லட்டும். எந்தச் சொல் பிழைக்கிறது, எந்தச் சொல் மடிகிறது என்பதை மாணவர்களே பட்டியலிடுவார்கள். என் வீட்டு வரவேற்பறையில் பேரப்பிள்ளைகளை வைத்து இதைச் செய்து பார்த்தேன். 'வலது கண்' 'எனது பெண்' ஆகிப் பெரும் சிரிப்பாயிற்று. ஆனால் 'சாயங்காலம்' ஒருமுறைகூட வழி தவறவில்லை.

அந்தத் திரும்பச் சொல்லுதல் மருத்துவ உலகில் ஏற்கெனவே உள்ள முறைதான். 'புரிந்ததா?' என்று கேட்டால் நம் பெரியவர்கள் புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள்; அது பணிவு. 'வீட்டுக்குப் போய் இதை எப்போது சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்டால் உண்மை வெளிப்படும். அன்று பெரியம்மாவிடம் இந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் விடை உடனே தெரிந்திருக்கும். நெரிசலில், அடுத்த கட்டிலில் ஒருவர் இருமிக்கொண்டிருக்கும்போது, அதற்கு அரை நிமிடம் ஒதுக்குவது எளிதன்று என்பதையும் அறிவேன்.

சென்ற ஆண்டு பெரியம்மாவை மீண்டும் மருந்து வாங்க அழைத்துச் சென்றேன். வேறொரு தாதி, அவரும் கவசம் அணிந்திருந்தார். உறையை உயர்த்திக் காட்டி, "பாட்டி, இது காலையில, பசியாற உக்காரும்போது. எப்ப சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எங்கே கற்றாரோ, நான் கேட்கவில்லை. பெரியம்மா என் பக்கம் திரும்பி, "இந்த வயசுல எனக்குப் பரீட்சை வைக்கிறா பாரு" என்றார். பிறகு விடையைச் சரியாகச் சொன்னார். அந்தப் பெண் சிரித்தார் என்று நினைக்கிறேன், கண்ணோரம் சுருங்கியது.

இத்துடன் என் உரையை நிறுத்திக்கொள்கிறேன். வினாக்கள் இருப்பின் கேளுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் சற்று முன்னே வந்து கேட்டால் எனக்கும் வசதி, என் செவியும் இப்போது புதிதன்று.